சாமி குடியிருந்த சத்துவாச்சாரி

எங்கள் வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய வரிசை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள், அதை நான் எழுதப் போவதில்லை. இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் 1981-ல் பொய்யாகிப் போனது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமர்ந்துவிட்டார்.

போன பிரதோஷத்துக்கு அத்தையை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அத்தை என்றால் என் மாமியார். பெங்களூர் சாலை ஓரம் இருந்த எங்கள் வீடு சாலை அகலப்படுத்தலில் போய்விட்டது. பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கல்யாணமாகி வந்து இறங்கிய வாசல், திண்ணை, முருங்கை மரம் எல்லாம் இப்போது தார். காட்பாடியில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தபின் பூஜை அலமாரியைக்கூட அவர் சரியாக அடுக்கவில்லை. "வாடகை வீட்ல எதுக்கு" என்பார்.

அதனால்தான் நேராகக் கோட்டைக்குப் போகாமல் முதலில் வேலூரிலேயே இருக்கும் சத்துவாச்சாரிக்குப் போனோம். அங்கே உள்ள விநாயகர் கோயிலில்தான் ஜலகண்டேஸ்வரர் லிங்கம் இருந்தது. படையெடுப்புக் காலத்தில் கோயிலுக்கு ஆபத்து என்று லிங்கத்தை வெளியே எடுத்துப் போனார்கள். முந்நூறு வருஷம் என்பார்கள் சிலர், நானூறு என்பார்கள் சிலர். அத்தனை காலமும் கோட்டைக் கோயிலில் பூஜை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆயுதக் கிடங்காகவும் இருந்தது.

சத்துவாச்சாரியில் அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். "இவ்ளோ சின்ன இடத்துலயா?" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே கோட்டை. அகழியில் தண்ணீர் நிறையவே இருந்தது. உள்ளே போகும்போது நான் அத்தைக்குக் கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டவர் சின்ன பொம்மு நாயக்கர். அப்புறம் பீஜப்பூர்க்காரர்கள், மராத்தியர்கள், முகலாயர்கள், வெள்ளையர்கள் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. திப்பு இறந்தபின் அவர் பிள்ளைகளை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் இங்கேதான். கண்டியின் கடைசி ராஜாவும் இங்கே கைதியாக வந்து, 1832-ல் வேலூரிலேயே இறந்தார். இந்தக் கோட்டையில் தன் விருப்பத்துக்கு இருந்தவர்களைவிட, வேறு வழியில்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

கோபுரம் தாண்டியதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். அவசரமாகச் சாமி கும்பிட ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள். ஓரிடத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும்; ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. அத்தை மறைத்து மறைத்துப் பார்த்தார். இந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலில் சீமைக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள், வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு.

இந்தக் கோயிலை வைத்து "பொறுத்திருந்தால் எல்லாம் திரும்பி வரும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் பிறந்து இறந்த எத்தனையோ தலைமுறை சாமி இல்லாத கருவறையை மட்டுமே பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. எங்கள் வீடும் வரப் போவதில்லை. என்னை ஈர்ப்பது சத்துவாச்சாரிக்காரர்கள்தான். திரும்பப் போவாரா என்பது தெரியாமலேயே, வந்த சாமியைக் கும்பிட்டார்கள். இது நம்ம கோயில் இல்லையே, எதற்கு என்று யாரும் விட்டுவிட்டிருந்தால், 1981-ல் கொண்டுவந்து வைக்க என்ன இருந்திருக்கும்?

இதை அத்தையிடம் சொன்னேன். "ரொம்பத்தான் பேசற" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

நந்திக்குப் பால் அபிஷேகம் தொடங்கியதும் கூட்டம் நெருக்கியது. வெயில் இறங்கியும் கல் தரை கொதித்தது, வேலூர் அல்லவா. ஜலகண்டேஸ்வரரையும் அகிலாண்டேஸ்வரியையும் தரிசித்துவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். சாமி வந்த வருஷம் தான் இங்கே வந்ததை அத்தை அப்போதுதான் சொன்னார். "எங்க பார்த்தாலும் ஜனம். எங்க மாமியார் அழுதாங்க. அவங்க சின்ன வயசுல இங்க வந்தப்போ உள்ள இருட்டா, காலியா இருந்துச்சாம்."

வெளியே வரும்போது ஒரு பித்தளை விளக்கை எடுத்துப் பார்த்து, பத்து நிமிஷம் பேரம் பேசி வாங்கினார். அலமாரியில் மேல் தட்டுக்கு உயரம் சரியாக வருமா என்று என்னிடம் கேட்டார். வரும் என்றேன்.

அடுத்த பிரதோஷத்துக்கு விரிஞ்சிபுரம் போகலாம் என்று பேருந்தில் அவரே ஆரம்பித்தார். பாலாற்றங்கரையில் அதே பெங்களூர் சாலைப் பக்கம் இருக்கிற கோயில். சாமி மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர்.

"ரோடுதானே நம்ம வீட்டை எடுத்துச்சு. அந்த ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் துணையா இருக்கிற சாமிகிட்டயே போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வருவோம்" என்றார்.