கார்டில் ஏற்றிய பெயர்

2011-ல் கொழிஞ்சாம்பாறையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். ரீசார்ஜ், சார்ஜர், கவர் எல்லாம் விற்றோம். ஆனால் கல்லா நிறைந்தது மெமரி கார்டில் பாட்டு ஏற்றித்தான். ஒரு ஜி.பி.க்கு 20 ரூபாய். பாலக்காடு மாவட்டம் என்றாலும் கடைக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம். ஒரே கார்டில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் கேட்பார்கள். கிளம்பும்போது, “பாரடி இருந்தா அதையும் போட்டு விடுங்க” என்பார்கள்.

பாரடி என்றால் எங்கள் பக்கம் ஒருவர்தான். மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். சினிமா மெட்டில் கடன், குடி, மாமியார் என்று எதையாவது வைத்துப் பாடுவார். கேட்டவர்கள் கடையிலேயே நின்று சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், “ஒழுங்காப் பாட வராதவன்தானுங்க இப்படிப் பாடுவான்” என்று ஒருவராவது சொல்லாமல் போகமாட்டார்.

அந்த வருஷம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாளில் தேர்தல், ஏப்ரல் 13. அண்ணனுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆர்டர். கடை சாத்திய பிறகு, ரெக்கார்டிங் நடக்கிற அறைக்கு நான் உதவிக்குப் போவேன். சுவரெல்லாம் மெத்தையும் போர்வையும் தொங்கும். அங்கேதான் அவருடைய வேலையைப் பார்த்தேன். எழுத உட்காருவதற்கு முன்னால் மூலப் பாட்டை இரண்டு தடவை முழுதாகப் பாடுவார், கேலி ஏதும் இல்லாமல். அந்தக் குரலைக் கடைக்கு வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. அப்புறம் விரலை மடக்கி எழுத்து எண்ணுவார்.

‘கை’ சின்னம் அவருக்குப் பிடிக்கும். ஒரே எழுத்து, மெட்டில் எங்கே வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் வந்தால் பெருமூச்சு விடுவார். ‘அரிவாள் சுத்தியல் நட்சத்திரம்’ எந்தப் பல்லவிக்குள்ளும் சுலபத்தில் நுழையாது. ஒரு ராத்திரி முழுக்க அதை மூன்றாக உடைத்து, மூன்றையும் வேறு வேறு வரியில் சொருகினார். “இழுத்துப் பாடற எடத்துல குறில் வந்து நின்னா மூச்சு முட்டிரும் தம்பி” என்பார். நானோ அதுவரை அவர் மைக் முன்னால் நின்றதும் வாய்க்கு வந்ததைப் பாடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கேரளத்தின் இடது முன்னணி, காங்கிரஸ் முன்னணி இரண்டுக்கும் பாடினார். டீக்கடைக்காரர் அவரைத் தோழர் என்று நம்பினார், ஆட்டோக்காரர் காங்கிரஸ் என்று நம்பினார். ஒரே சாயங்காலம் இரண்டு ஜீப்பும் அடுத்தடுத்து வந்து, இரண்டிலும் அதே குரல் கேட்டபோது, “நம்மாளு வெலை போயிட்டான்” என்று இருவருமே என்னிடம் வருத்தப்பட்டார்கள். ஒரு துக்க வீட்டில்கூட யாரோ, “ஒண்ணு எடுத்து விடுங்க, மனசு லேசாகும்” என்று கேட்டார்களாம். அவர் வீட்டில் அவ்வளவாகப் பேசவே மாட்டார். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஓணம் வந்தால் ‘தே மாவேலி கொம்பத்து’ என்ற மலையாள நகைச்சுவை, பாரடித் தொகுப்பைக் கேட்டு வருவார்கள். அதில் மாவேலியாக, அதாவது மகாபலி மன்னனாகப் பேசுவது மலையாள நடிகர் இன்னசென்ட்தான் என்று அடித்துச் சொல்லும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. அது இன்னசென்ட் குரலில் நடிகர் திலீப் மிமிக்ரி செய்து பேசியது என்று சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் பங்கு. அண்ணன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டிருந்தேன். அவர் பாடியவை பதினைந்து இருக்கும். பதினைந்தைப் போட்டால் கார்டு நிறையாது, வாங்குகிறவருக்கும் திருப்தி இருக்காது. அதனால் எங்கிருந்தோ வந்து சேர்ந்த பாரடிகளுக்கு எல்லாம் பழைய பெயரை எடுத்துவிட்டு, அண்ணன் பெயரைப் போட்டு அதற்குள் தள்ளினேன். நூறைத் தாண்டியது. நன்றாக விற்றது.

அதில் ஒன்று கள் இறக்குகிறவர்களைக் கேவலமாகப் பேசுகிற பாட்டு. நான் அதை முழுதாகக் கேட்டதுகூட இல்லை. எங்கள் மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நாலைந்து பேர் மேடையேறி அண்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்கள். தன் பாட்டு இல்லை என்று கெஞ்சியிருக்கிறார். “கார்டுல உங்க பேருதானே இருக்குது?” என்று கேட்டார்களாம்.

பின்னாளில் கோவையில் வேலை பார்த்தபோதுதான் ‘வியர்டு அல்’ யாங்கோவிக் பற்றித் தெரிந்துகொண்டேன். அக்கார்டியன் வாசிக்கிற அமெரிக்கப் பாரடிப் பாடகர். 2014-ல் அவருடைய ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. இணையத்தில் ஒருவருக்கொருவர் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொண்ட நாப்ஸ்டர் காலத்தில் யார் யாரோ பாடிய கேலிப் பாட்டெல்லாம் அவர் பெயரில் சுற்றியிருக்கிறது, ஆபாசமானவைகூட. படித்தபோது, அங்கேயும் என்னை மாதிரி ஒரு பையன் உட்கார்ந்து பெயர் மாற்றியிருக்கிறான் என்று தோன்றியது.

திருவிழா நடந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “என் ஃபோல்டரை எனக்கே ஏத்திக் குடு தம்பி” என்று கார்டை நீட்டினார். 20 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். காதில் ஹெட்போன்.

“இதுல ரெண்டு பாட்டு என்னைவிட நல்லாப் பாடியிருக்கான். அளவு அச்சா உட்கார்ந்திருக்குது. யாரு தம்பி இவன்?”

கம்ப்யூட்டரில் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் மவுஸை உருட்டினேன். பெயர் மாற்றும்போது பழைய பெயர் எதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை.