கப்பலா ரயிலா, ஆனி மாசத்துப் பஞ்சாயத்து

2023 ஜூன் 10, சனி

மகன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணுனான். அப்பா ரிட்டையர் ஆயாச்சு, நீயும் ஸ்கூலை விட்டு ரெண்டு வருசம் ஆச்சு, ஆச்சியையும் கூட்டிட்டு மூணு பேரும் ஒரு கப்பல் டூர் போயிட்டு வாங்க, காசு நான் கட்டுதேன்னான். சென்னையில இருந்து சிலோனுக்கு டூரிஸ்ட் கப்பல் விட ஆரம்பிச்சிருக்காங்கல்ல, 5ஆம் தேதிதான் மந்திரி வந்து கொடி அசைச்சாரு, அதுதான். ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு போவுது, அஞ்சு ராத்திரி டூர்ல முதல் ரெண்டு மட்டும், சாப்பாடு தங்கல் எல்லாம் கப்பல்லயே.

எனக்கு சிலோன்னு காதுல விழுந்ததும் வேற எதுவும் ஏறல. சிலோன்னா எனக்கு ஹட்டன், அங்க மலையில இருக்குற ஊரு. எங்க தாத்தாவுக்கு அங்க மளிகைக்கடை. கல்லிடைக்குறிச்சியில இருந்து போனவரு, அம்மாவை மூணு வயசுல தூக்கிட்டுப் போயி பன்னெண்டு வயசு வரைக்கும் அங்கனதான் வளத்தாரு, 1963ல எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு வந்துட்டாங்க. சின்ன வயசுல தீப்பெட்டிப் படம் சேத்த மாதிரி அந்த ஊரைப் பத்தி காதுல விழுந்ததையெல்லாம் சேத்து வச்சிருக்கேன் நான்.

"கப்பல் வேண்டாம்டா, நாங்களே டிக்கெட் போட்டு தரை வழியா போயிட்டு வாரோம்"னேன். "கொழும்புக்கு தரை வழியா எப்படிம்மா போவீங்க"ன்னு சிரிச்சான். பிளைட்ல இறங்கினப்புறம் தரைதானடா.

மழையக் காணோம். கேரளாவுலயே முந்தாநாள்தான் ஆரம்பிச்சிருக்காம். பாளையங்கோட்டையில காத்து மட்டும் மண்ணை வாரி வீட்டுக்குள்ள போடுது.

ஜூன் 13, செவ்வாய்

டிராவல்ஸ்காரர் வந்தாரு. வழவழன்னு ஒரு புத்தகம், எல்லாப் பக்கத்துலயும் நீல கலர்ல தண்ணி, நாலு பேரு சிரிக்காங்க. அத்தான், எங்க வீட்டுக்காரரு, ஒவ்வொரு பக்கத்தையும் ஈ.பி. ஆபீஸ் பைல் பாக்குற மாதிரி பாத்தாவோ.

விளம்பரத்துல போட்டிருந்தது ஒரு ஆளுக்கு உள்ள ரேட்டு, அதுவும் ஒரு ரூம்ல ரெண்டு பேருன்னு கணக்கு. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், அதுக்கு மேல கப்பல்ல வேலை செய்யுற ஆளுகளுக்கு டிப்ஸ்னு நாளைக்கு இவ்வளவுன்னு அவங்களே போட்டுருதாங்க, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. நான் ஒரு பேப்பர்ல கூட்டிப் பாத்தா விளம்பரத் தொகையோட கால்வாசிக்கு மேல ஏறிப்போச்சு. கரையில இறங்கி பஸ்ல ஊர் சுத்தணும்னா அது தனி, இன்டர்நெட் தனி. "எல்லாம் சேத்துதான்னு போட்டிருக்கே"ன்னேன், "சாப்பாடு சேத்துதான்மா"ன்னாரு. மொய் எழுதுற இடத்துல நிக்கிற மாதிரி அவரு மூஞ்சி.

குறைஞ்ச ரேட்டு ரூமுக்கு சன்னல் கிடையாதாம், கப்பலுக்கு நடுவுல வருமாம். அதுவரைக்கும் பேசாம அரிசியில கல்லு பாத்துட்டு இருந்த அம்மா தலையத் தூக்கி, "சன்னல் இல்லாத ரூம்ல படுக்கதுக்கு எதுக்குய்யா கப்பலு, எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல படுத்தா போதாதா"ன்னு கேட்டா. எனக்கு ஒரே சந்தோசம், அம்மா என் பக்கம்னு நினைச்சேன். அவ சன்னலைத்தான் கேட்டிருக்கான்னு அப்ப எனக்கு விளங்கல.

ஜூன் 18, ஞாயிறு

காலையில இருந்து அட்லஸ், நோட்டு, ஸ்கேலு. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு புவியியல் நடத்துன கை சும்மா இருக்குமா.

முதல்ல கப்பல்லயே போயி ஹட்டனையும் பாத்துர முடியுமான்னு பாத்தேன், அவங்க பக்கமும் நியாயம் இருக்கணும்லா. ஹம்பாந்தோட்டை தெக்குக் கடைசியில இருக்கு, சீனாக்காரனுக்கு 2017ல 99 வருசக் குத்தகைக்கு விட்டாங்களே அந்தத் துறைமுகம்தான். அங்கருந்து ஹட்டன் மலை ரோட்டுல ஏறி இறங்கணும், போறதுக்கே பொழுது போயிரும், சாயங்காலம் கப்பல் ஏறச்சொல்லுற நேரத்துக்கு நாம மலையில நிப்போம். டிராவல்ஸ்காரர் கூட்டிட்டுப் போற பஸ்னா லேட் ஆனா கப்பல் நிக்குமாம், நாமளா ஆட்டோ பிடிச்சு போயி லேட் ஆனா அது கிளம்பிருமாம். ஆக கப்பல்ல போனா ஹட்டன் கிடையாது.

தரை வழின்னா இப்படி: சென்னையில இருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல காலையில பதுளை வண்டி ஏறணும். நம்ம அகலப்பாதையேதான், அஞ்சரை அடி, வெள்ளைக்காரன் ரெண்டு ஊருக்கும் ஒரே அளவுல போட்டிருக்கான். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல. அதுக்கும் மேல நானுஓயா, அதுக்கும் மேல பட்டிப்பொலை, 1,890 மீட்டருக்கு மேல, அதுதான் அந்த நாட்டுலயே உசரத்துல இருக்குற ஸ்டேஷன். அப்புறம் இறங்கி எல்லன்னு ஒரு ஊரு, அங்கதான் 1921ல கட்டி முடிச்ச ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில ரயிலு தன் தலைக்குக் கீழ தானே நுழைஞ்சு போற வளையம். எழுதிக்கிட்டே இருக்கும்போது எனக்கு மூச்சு வாங்குச்சு.

அத்தானுக்கு இதுல ஒண்ணும் ஏறல. "அங்க பெட்ரோல் இருக்கா"ன்னாவோ. போன வருசம் ஜனங்க மைல் கணக்குல லைன்ல நின்னதையும் ஜனாதிபதி ஓடுனதையும் டிவில பாத்ததுதான் மனசுல இருக்கு. இப்ப க்யூ.ஆர். காட்டி அளவா போடுதாங்க, நம்ம போறது ரயில்லதானேன்னேன். ஒரு ரூபாய்க்கு அங்க மூணரைக்கு மேல வருது, லாட்ஜ் எல்லாம் நமக்கு கட்டுபடி ஆவும்னும் சொன்னேன். "பெட்டிய யாரு தூக்குவா"ன்னு கேட்டாவோ பாருங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கொழும்புல ஒரு நாளு, கண்டியில ஒண்ணு, ஹட்டன்ல ரெண்டு, எல்லயில ஒண்ணு. அஞ்சு தடவை பெட்டி கட்டி அவுக்கணும், அம்மாவுக்கு முட்டுவலி. கப்பல்ல ஒரு தடவை துணிய அலமாரியில அடுக்குனா ஊரு நம்மகிட்ட வரும்.

அம்மா ஒண்ணும் பேசல. ராத்திரி சொதிக்கு தேங்காப்பால் பிழிஞ்சிட்டிருந்தா. "ஹட்டன்ல இதுல மஞ்சப்பொடி போடுவா, இடியாப்பத்துக்கு ஊத்துவா, இஞ்சிப் பச்சடி கிடையாது"ன்னு அவளாவே சொன்னா. நான் அதை ஆசைன்னு எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 24, சனி

இன்னிக்குத்தான் அம்மா வாயத் திறந்தா. நான் ஹட்டன் ஸ்டேஷன் போட்டோவை போன்ல பெருசு பண்ணி காட்டிட்டு இருந்தேன், பாரும்மா, இதுதானம்மா நீ இறங்குன ஸ்டேஷன்னு.

"எனக்கு அங்க என்னட்டி வச்சிருக்கு"ன்னா.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினா. நான் இதுவரைக்கும் கேக்காதது பாதி. விடிய விடிய குளிரு, வருசத்துல பாதி நாளு மழை, பள்ளிக்கூடம் போயிட்டு வந்து காலைக் கழுவுனா வெரலிடுக்குல அட்டை தொங்கும், உப்பு வச்சு எடுப்பா எங்க ஆச்சி, அம்மாவோட அம்மா. இன்னைக்கும் இடது கணுக்கால்ல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு, நான் அதை மச்சம்னு நினைச்சிட்டிருந்தேன் இத்தனை வருசமும். கடை நொடிச்சு, கடன்காரன் வாசல்ல நின்னு, தாத்தா சாமானையெல்லாம் கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கு. எங்கிட்ட தாத்தா கடையப் பத்தி சொன்னவங்க யாரும் இதைச் சொல்லல.

கொழும்புல இருந்து ராத்திரி ரயிலு, காலையில தலைமன்னார். அங்க நீராவிக்கப்பல். இர்வின்னு ஒண்ணு கோஷன்னு ஒண்ணு அப்ப ஓடுச்சு, எதுல ஏறுனான்னு அவளுக்குத் தெரியல. கஸ்டம்ஸ்காரன் பெட்டியத் தொறந்து ஒவ்வொரு சேலையா உதறி, தேயிலை டப்பாவுக்குள்ள கைய விட்டுக் கிண்டுனான், தேயிலை மூக்குல ஏறி ஆச்சி தும்முனா, அவன் மேலயே தெறிச்சது, இதைச் சொல்லும்போது மட்டும் சிரிச்சா. கப்பல்ல ஏறுன நிமிசத்துல இருந்து வாந்தி. தனுஷ்கோடி வர வரைக்கும் ரெண்டு மணி நேரமும் ஆச்சி மடியில துண்டைப் போட்டு மூடிப் படுத்தே வந்திருக்கா. "ஒரு பொட்டு கடலு பாக்கலட்டி நான். கப்பல்ல வந்தவன்னு ஊரெல்லாம் கேப்பா, கடலு எப்படி இருந்துச்சும்பா, நானும் பெருசா இருந்துச்சும்பேன்." அடுத்த வருசம் டிசம்பர்ல புயலடிச்சு தனுஷ்கோடியே போச்சு, அந்த வழியும் போச்சு.

சன்னல் வச்ச ரூமு எவ்வளவு ஆவும்னு மாப்பிள்ளைகிட்ட கேக்கச் சொன்னா.

ஜூலை 2, ஞாயிறு

இன்னைக்கு தேரு. டவுன்ல சிநேகிதி வீட்டு மாடியில அம்மாவை உக்கார வச்சோம். அத்தான் கீழ போயி வடத்தைப் பிடிச்சிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தாவோ, இந்த வயசுல எதுக்குன்னு கேட்டா எல்லாரும் பிடிச்சா நானும் பிடிச்சேன்னாவோ. நெல்லையப்பர் தேரு ஆளு இழுத்துத்தான் நகரணும், அசைஞ்சு திரும்பும்போது மாடி வீடே நம்ம பக்கம் சாயுற மாதிரி இருக்கும்.

நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். கப்பலைப் பத்தி ஒரு குத்து குத்துனேன்: அஞ்சு நாளு தண்ணியச் சுத்திட்டு ஏறுன இடத்துலயே கொண்டாந்து விடுவான், இதுக்கு இவ்வளவு ரூபாயான்னு. அம்மா தேரைப் பாத்துக்கிட்டே, "இது மட்டும் எங்க போவுதாம், நாலு ரத வீதியச் சுத்திட்டு நிலைக்குத்தான வருது, ஊரே வந்து நிக்கல?"ன்னா. சிநேகிதி விழுந்து விழுந்து சிரிச்சா.

அத்தான் கிட்ட இன்னொரு சீட்டு இருந்திருக்கு, இன்னைக்குத்தான் இறக்குனாவோ. திருகோணமலையில இறங்குனா கோணேஸ்வரம். சம்பந்தர் பாடுன தலம், ஈழத்துல பாடல் பெற்ற ரெண்டுல ஒண்ணு. துறைமுகத்துக்குப் பக்கத்துலயே பாறை மேல கோயிலு, "அத்தை, கடலையும் பாக்கலாம் சாமியும் கும்பிடலாம்." மாமியாரும் மருமகனும் தேர்க்கடை கரும்புச்சாறு குடிச்சுக்கிட்டே முடிவு பண்ணிட்டாங்க. நான் எதிர்க்கட்சியில தனியா நிக்கேன்.

ஜூலை 9, ஞாயிறு

குற்றாலம் போனோம். சாரல் நல்லா இருக்கு, ஐந்தருவியில சரியான கூட்டம், பொம்பளைங்க பக்கம் லைன்ல நின்னு தலையக் காட்டிட்டு வந்துட்டேன். ஈரத் துணியோட பஜ்ஜி தின்னுக்கிட்டு நிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சது. முப்பது வருசம் போர்டுல அம்புக்குறி போட்டு நடத்துனவளுக்கு இப்பத்தான் உறைக்குது பாருங்க. இங்க தலையில விழுற இதே தென்மேற்குக் காத்துதான் ஹட்டன் பக்கமும் இப்ப கொட்டிட்டு இருக்கு, மேக்கு பாத்த சரிவு. நான் ஆகஸ்ட்ல போனா அம்மா சொன்ன அட்டையும் மேகமும்தான் பாத்துட்டு வரணும். அதே காத்துக்கு மறைவா கிழக்குக் கடல் இப்ப அடங்கிக் கிடக்கும், திருகோணமலைக்கு இதுதான் நல்ல காலம். கப்பல்காரங்க பம்பாய்ப் பக்கம் கடல் கொந்தளிக்குற இந்த மாசங்கள்ல சென்னைக்கு வந்து ஓட்டுறதும் சும்மாவா.

அம்பாசமுத்திரம் அக்காவுக்கு அங்க நின்னே போன் போட்டேன். தை பிறந்ததும் ஹட்டன் வாரியா, பெட்டிய நானே தூக்குதேன்னேன். டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு சனம் போற சீசன், ஹட்டன்ல இறங்கித்தான் போவாங்க, பஸ்ஸு வசதிக்குக் குறை இருக்காது. "எத்தனை படி"ன்னு கேட்டா அக்கா. மலை ஏறவேண்டாம், ஊரு மட்டும்னேன். சரின்னுட்டா.

வீட்டுக்கு வந்து சொன்னேன், ஆகஸ்ட்ல நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல போங்க, நான் வரல, என் பங்குக் காசை சன்னல் ரூமுக்குப் போடுங்கன்னு. அத்தான் ஒரு நிமிசம் முழிச்சாவோ. மகன் போன்ல, "ஆச்சியும் அப்பாவும் ஒரே ரூம்லயா"ன்னு கேட்டான். அதுக்கு ரெண்டு ரூம் போடணும், தனி ஆளுக்கு ரூமுன்னா கூடக்காசு, திரும்பவும் பேப்பரு, கூட்டலு. கடைசியில சின்ன மாமாவும் மாமியும் கூட வாரோம்னு சொன்னதுல சரியாச்சு, அம்மாவும் மாமியும் ஒரு ரூமு, ஆம்பளைங்க ரெண்டு பேரும் சன்னல் இல்லாததுல.

ஜூலை 15, சனி

புக்கிங் ஆச்சு. அம்மா பேர்ல ஒரு குழப்பம். டிராவல்ஸ்ல இனிஷியலோட போட்டுட்டாங்க, பாஸ்போர்ட்ல தாத்தா பேரு முழுசா இருக்கு. நல்லவேளை நான் எழுத்துக்கூட்டி பாத்தேன், மாத்திக் குடுத்தாங்க. யாரா இருந்தாலும் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை பாத்துருங்க. வீல்சேர் வேணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்தோம். கேன்சல் பண்ணுனா நாள் நெருங்க நெருங்க பிடிக்குற காசு கூடுமாம், அதை அத்தான்கிட்ட நான் சொல்லல.

அம்மா வாந்தி மாத்திரை இப்பவே வாங்கி டப்பாவுல போட்டுட்டா. தாயக்கட்டையும் எடுத்து வச்சாச்சு, நாளு பூரா கடலு இருக்குற ரெண்டு நாளைக்கு மாமியோட ஆட.

சாயங்காலம் என் நோட்டை வாங்கி ஒரு பக்கத்துல கோடு போட்டா. ஸ்டேஷன், அதுக்கு மேல ஏறுற ரோடு, பிள்ளையார் கோயிலு, அதுல இருந்து இறங்குற பக்கம் மூணாவது கடை. கையி நடுங்குறதுனால ரோடெல்லாம் வளைஞ்சு இருக்கு, மலை ரோடு அப்படித்தான இருக்கும்.

"அங்க இப்ப என்ன கடைன்னு மட்டும் பாத்துட்டு வா"ன்னா. போட்டோ எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். வேண்டாம், வாயால சொன்னா போதும்னுட்டா.