அஜ்ரக்பூர்த் துணியும் நான் தைத்த மேற்சட்டைகளும்

வெளியூர் செல்லும்போது தைத்த ஆடைகளை வாங்குவதைவிடத் துணியாக வாங்கி வருவதே எனக்குப் பிடித்தமானது. நெய்தவரையும் அச்சிட்டவரையும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பார்த்து, துணி எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தது என்று கேட்டறிந்துவிட்டால், அதை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்பது பெரும்பாலும் அங்கேயே தெளிவாகிவிடும். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் ஒரு குளிர்காலத்தில் சுற்றித் திரிந்து வாங்கி வந்த துணிகளில் நான் தைத்துக்கொண்ட மேற்சட்டைகள் அப்படித்தான் உருவாயின. அவற்றின் வெட்டு முறையில் பாதியைச் சாயத் தொட்டிகளின் அருகே நின்றபோதே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மாவட்டத் தலைநகரான புஜ்ஜிலிருந்து பச்சாவ் நோக்கிச் செல்லும் சாலையில் முதலில் நெசவாளர்களின் ஊரான புஜோடியும், அதைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் அஜ்ரக்பூரும் வருகின்றன. இரண்டும் நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டருக்குள் இருப்பதால் ஆட்டோவிலேயே போய்வந்துவிடலாம். அஜ்ரக்பூர் பழைய ஊர் அன்று. மரக்கட்டைகளால் துணியில் வடிவங்களை அச்சிட்டுச் சாயமேற்றும் அஜ்ரக் கலையில் தேர்ந்த கத்ரி சமூகத்தார் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஊர், இன்னும் கிழக்கே உள்ள தமட்கா. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் அந்த ஊரின் வீடுகளைச் சாய்த்ததோடு நில்லாமல், நிலத்தடி நீரின் தன்மையையும் மாற்றிவிட்டது. நீரில் இரும்பு மிகுந்துவிட்டதால் சாயங்கள் முன்போல் தெளிவாக ஏறவில்லை. நல்ல தண்ணீரைத் தேடி வந்த குடும்பங்கள் புதிதாக அமைத்துக்கொண்ட ஊர்தான் அஜ்ரக்பூர். தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்பவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீருக்காக ஓர் ஊரையே மாற்ற வேண்டியிருந்தது ஏன் என்பது, அச்சிடும் முறையைப் பார்த்தால்தான் விளங்கும். வெள்ளைப் பருத்தித் துணி அஜ்ரக் ஆவதற்கு முன் 14 முதல் 16 படிகளைக் கடக்கிறது. வெயில் நன்றாக அடித்தாலும் வாரக்கணக்கில் ஆகும். முதலில் ஆமணக்கெண்ணெய், சலவைச் சோடா, ஒட்டகச் சாணம் ஆகியவற்றைக் கரைத்த நீரில் துணியை ஊறவைத்துப் பலமுறை கசக்கிக் காயவைக்கிறார்கள். பிறகு கடுக்காய்ச் சாற்றில் தோய்க்கும்போது துணி இளமஞ்சளாகிறது. அதன் மேல் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் சேர்ந்த கலவையால், வெள்ளைக் கோடாக நிற்க வேண்டிய பகுதிகளை அச்சிடுகிறார்கள். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய கலவை கறுப்புக்கு. படிகாரக் கலவை சிவப்புக்கு. நீலம் ஏறக் கூடாத இடங்களைக் களிமண் குழம்பால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்கியெடுத்து, ஓடும் நீரில் அலசி, கடைசியில் மஞ்சிட்டி வேரிலோ அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்திலோ கொதிக்கவைக்கிறார்கள். அதுவரை மங்கலாகத் தெரிந்த படிகாரப் பகுதிகள் அந்தக் கொப்பரையில்தான் செக்கச்செவேலென்று மாறுகின்றன. வெளியே எடுத்த துணியைத் தரையில் விரித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். சிவப்பு மேலும் ஆழமாக வேண்டுமா, நீலம் இன்னொரு முறை ஏற வேண்டுமா என்பதைப் பொறுத்து இந்தச் சுற்று மீண்டும் தொடங்கும்.

அச்சுக்கட்டைகள் தேக்கு மரத்தில் செதுக்கப்பட்டவை. காந்திநகருக்கு அருகிலுள்ள பேத்தாபூர் அந்தச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். ஒரே வடிவத்துக்குப் பல கட்டைகள் உண்டு, நிறத்துக்கு ஒன்றாக. அடுத்த கட்டையை முந்தைய அச்சின் மேல் பொருத்தும்போது அச்சிடுபவர் அளவுகோல் எதையும் தொடுவதில்லை. கட்டையின் மூலையும் அவருடைய கண்ணும் போதும். துணியின் இரு பக்கமும் ஒரே வடிவம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும்படி அச்சிடுவதுதான் பழைய முறை. மால்தாரிகள் எனப்படும் கால்நடை மேய்ப்பவர்கள் தோளிலும் தலையிலும் இடுப்பிலும் அணிந்த துணி இது என்பதால், எப்படிப் புரண்டாலும் அழகாகத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே அச்சிடுகிறார்கள். இரு பக்க அச்சுள்ள துணி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதற்கான காரணத்தைத் தையலைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

குஜராத்தின் அச்சுத் துணிகள் கடல் கடந்து சென்ற வரலாறு நீண்டது. எகிப்தில், கெய்ரோவை ஒட்டிய பழைய நகரமான ஃபுஸ்தாத்தில் கிடைத்த துணித் துண்டுகள் பல இந்தியப் பெருங்கடல் வழியாகச் சென்றவை. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அத்தகைய துண்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுள் சில 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சில துண்டுகளில் தையல் தடங்களும் காணப்படுகின்றன என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. தொலைவிலிருந்து வந்த துணியை வாங்கி, தம் உடலுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டவர்கள் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

அஜ்ரக்குக்கு இணையாக நான் விரும்பி வாங்கியது புஜோடியின் காலா பருத்தி. மழையை மட்டுமே நம்பி விளையும் இந்த நாட்டுப் பருத்தி, காசிப்பியம் ஹெர்பேசியம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இழை குட்டையானது என்பதால் நூல் சற்றுத் தடிமனாகவும் சீரற்றும் இருக்கும். துணியும் முதலில் முரடாகத் தோன்றும். துவைக்கத் துவைக்க மிருதுவாகும் என்று நெசவாளர் சொன்னது முழு உண்மை. வண்கர் சமூகத்தார் குழித்தறியில், குறுக்கே ஓடும் ஊடை நூலோடு கூடுதல் நூலைக் கையால் கோத்து, சிறு சிறு வடிவங்களை நெய்கிறார்கள். அந்த வடிவங்கள் அழகானவை. ஆனால் சட்டைக்காக வாங்குபவர் வடிவம் இல்லாத வெற்றுத் துணியையும் சேர்த்து வாங்குவது நல்லது. வடிவத்தின் குறுக்கே கத்தரிக்கோல் ஓடினால் அந்தக் கூடுதல் நூல்கள் பிரிந்து வந்துவிடும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலை, துணியைத் தண்ணீரில் போடுவது. கைத்தறித் துணி 100 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வரை சுருங்குவது இயல்பு. தறியிலிருந்து நேராக வந்த காலா பருத்தியில் கஞ்சியும் இருக்கும். அதை ஓரிரவு முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, மறுமுறையும் அலசிய பிறகே அளந்தேன். அஜ்ரக்கின் கதை வேறு. அச்சிடும்போதே அது பலமுறை ஊறி, கொதித்து, அலசப்பட்டுவிட்டதால், மேலும் சுருங்குவதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை. அதற்கு முதல் அலசல் தேவைப்படுவது நீலத்துக்காக. அவுரி நூலோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. நீரில் கரையாத நுண்துகள்களாக நூலுக்குள் தங்குகிறது. மேலோட்டமாக ஒட்டியிருக்கும் துகள்கள் முதல் சில அலசல்களில் வந்துவிடும். அதைக் கண்டு சாயம் போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காமல் இருந்தால் போதும்.

தரையில் விரித்துக் காயவைத்த துணியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் இழுபட்டதால் ஊடை நூல்கள், நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களுக்குச் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கலாம். அப்படியே வெட்டித் தைத்தால், சில துவைப்புகளுக்குப் பின் சட்டை உடலில் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஓர் ஊடை நூலை உருவி, அந்தத் தடத்தில் விளிம்பை வெட்டிச் சமப்படுத்தி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுத்து, நனைத்து இஸ்திரி போட்டால் துணி நேராகிவிடும். பொறுமை தேவைப்படும் வேலைதான்; ஆனால் இதைச் செய்யாமல் தாளில் வரைந்த அளவை எவ்வளவு துல்லியமாக வைத்து வெட்டினாலும் பயனில்லை.

வெட்டுவதில் என் முதல் விதி, அடர்ந்த கறுப்புப் பகுதியைக் கைக்குழிக்கு அருகே வைக்காமல் இருப்பது. இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு, காலப்போக்கில் பருத்தி இழையை வலுவிழக்கச் செய்யும். பழந்துணிகளில் பல இடங்களில் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்து, மற்ற நிறங்கள் அப்படியே நிற்பதற்கு இதுவே காரணம். அக்குளிலோ வியர்வையும் இழுவிசையும் சேர்ந்தே தாக்கும். எனவே கைக்குழிக்கும் தோள் தையலுக்கும் நீலமோ சிவப்போ மிகுந்த பகுதி வரும்படி துணியை நகர்த்தி வைத்தேன். அதே காரணத்தால், கைக்குழியை ஆழமாகத் தோண்டி வெட்டாமல், நேரான உடல் துண்டு, நேரான கைத்துண்டு, இரண்டும் சேரும் இடத்தில் 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு என்ற பழைய குர்தா முறையைப் பின்பற்றினேன். அந்தச் சதுரம் குறுக்குவாட்டில் அமைவதால் கையைத் தூக்கும்போது விரிந்துகொடுக்கிறது; நைந்துபோனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாத் துண்டுகளும் நேர்கோட்டில் அமைவதால் துணியும் அநேகமாக வீணாவதில்லை. அத்தனை பேர் அத்தனை நாள் உழைத்த துணியில் வளைவு வெட்டுகளால் குப்பையைக் குவிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரு பக்க அச்சுள்ள துணியை இந்த முறையில்தான் தைத்தேன். உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் இல்லாததால், கையை முழங்கை வரை மடித்துவிட்டாலும் அதே வடிவம் தெரிகிறது. கழுத்துப்பட்டியை வெளிப்புறமாகத் திருப்பியும் தைக்க முடிந்தது. பிசிறு எங்கும் தெரியக் கூடாது என்பதற்காக எல்லா இணைப்புகளையும் பிரெஞ்சுத் தையலாகப் போட்டேன். முதலில் வெளிப்பக்கத்தில் ஒரு தையல், ஓரத்தைக் குறைத்து வெட்டித் திருப்பி, உள்பக்கத்தில் இன்னொரு தையல். மெல்லிய அஜ்ரக் பருத்திக்கு 11 எண் ஊசியும் 2.5 மில்லிமீட்டர் தையல் நீளமும் பொருத்தமாக இருந்தன.

வடிவம் சேரும்படி வெட்டுவது தனிக் கலை. கையால் அச்சிட்ட துணியில் வடிவங்களுக்கு இடையே உள்ள தூரம் நீளவாக்கில் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போகும். ஒரு முறை அளந்து அதையே பெருக்கிக் கணக்கிடுவது இங்கே உதவாது. முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே வரிசையில், அகலவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால், அச்சிடுபவரின் கை ஒரே ஓட்டத்தில் போன இடமாக இருக்கும். பக்கத் தையலில் பூ பூவோடும் கோடு கோட்டோடும் சேரும். 44 அங்குல அகலத்தில் இது எல்லா உடலளவுக்கும் இடம் தராது. இடம் போதாதபோது முன்பக்க நடுப்பகுதி சமச்சீராக அமைவதற்கு முதலிடம் தந்து, பக்கத் தையலை விட்டுவிடுவேன்.

மற்றொரு சட்டைக்கு, கால்நடை மேய்க்கும் ரபாரி சமூகத்து ஆண்கள் அணியும் கேடியு என்னும் மேற்சட்டை வழிகாட்டியது. மார்பை ஒட்டிப் பிடித்த மேற்பகுதி, அதன் கீழ் நெருக்கமான சுருக்கங்களோடு விரியும் பாவாடை போன்ற கீழ்ப்பகுதி என்பதுதான் அதன் அமைப்பு. சாலையோரம் மந்தையோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் வெள்ளைக் கேடியு, அவர் திரும்பும்போதெல்லாம் விரிந்து அடங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. மேற்பகுதிக்குக் காலா பருத்தியையும், கீழ்ப்பகுதிக்குக் கரையோர அச்சுள்ள அஜ்ரக்கையும் எடுத்துக்கொண்டேன். அஜ்ரக்கின் நீளம் உடலைச் சுற்றி வரும்படி குறுக்காக வைத்ததால், கரை அப்படியே கீழ் விளிம்பாயிற்று. ஓரம் மடித்துத் தைக்கும் வேலை இல்லை. ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலத்தைச் சுருக்கி மேற்பகுதியோடு இணைக்க, இரண்டு வரிசை நீளத் தையல் போட்டு நூலை இழுத்துச் சமமாகப் பரப்பினேன். காலா பருத்தி எளிதில் பிசிறும் துணி. அதில் வெட்டிய உடனேயே விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிட்டு, வழக்கமான அரை அங்குலத்துக்குப் பதிலாக முக்கால் அங்குலத்துக்கு மேல் தையலுக்கு விட்டேன். ஊசியும் 14 எண்ணாக மாற்றினேன்.

இந்தச் சட்டைகளை நான் தனியாக, மென்மையான சோப்பில், குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துகிறேன். பிளீச்சிங் பவுடர் அவுரியை அழித்துவிடும். எலுமிச்சை, புளி போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும் என்பதால், சிந்திய உடனே தண்ணீரில் அலச வேண்டும்.

கட்ச் செல்ல எண்ணுபவர்கள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் அச்சு வேலையும் மந்தமாகிவிடும். துணியை எடுக்கும்போது ஒரு சட்டைக்கு இரண்டு மீட்டர் போதும் என்று தோன்றும். கழுத்துப்பட்டி, கைமடிப்பு, அக்குள் சதுரம் ஆகியவற்றையும் சேர்த்து இரண்டரை மீட்டராகவே கேட்டு வாங்குங்கள். அவுரித் தொட்டியின் வலு நாளுக்கு நாள் மாறுவதால், மறுமுறை அதே அச்சுக்கூடத்துக்கே போனாலும் முன்பு வாங்கிய நீலத்தோடு அப்படியே பொருந்தும் துண்டு கிடைப்பது அரிது.