சுண்ணாம்புக்கல்லுக்குள் நைத்திரேற்று: மந்தப் பரவலில் தாக்கத்தை எங்கே சேர்ப்பது

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு, நைத்திரேற்றாகிக் கீழே இறங்குகிறது. கீழே இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் நீர் ஓடும், நுண்துளைகளில் நிற்கும். ஓடும் நீரோடு வரும் நைத்திரேற்று அயன் நுண்துளைக்குள் புகுந்தால் சில நிமிடத்திலும் திரும்பலாம், சில மாதமும் ஆகலாம். ஒட்சிசன் குறைந்த இடத்தில் அகப்பட்டால் பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கிவிடும்; இந்த இரசாயன மாற்றமே இங்கே தாக்கம். கிணற்று நீர் எப்போது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லைக்குள் வரும் என்று கணிக்க, இந்தக் காத்திருப்பும் தாக்கமும் ஒரே சமன்பாட்டில் வரவேண்டும்.

சாதாரணப் பரவலில் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி, அதாவது அயன்கள் நகர்ந்த தூரத்தின் வர்க்கங்களின் சராசரி, நேரத்துக்கு நேர்விகிதசமன். காத்திருப்பால் மெதுவாகும் மந்தப் பரவலில் அது நேரத்தின் அல்பா அடுக்கோடு வளரும்; அல்பா 1ஐ விடக் குறைவு. காத்திருக்கும் நேரத்தின் பரம்பல் −(1+அல்பா) அடுக்கில் மெல்லத் தேய்வதால் சராசரிக் காத்திருப்பு என்று ஒன்று இல்லாமலே போகிறது. தடித்த கல்லுக்குள் போய்த் திரும்பும் நேரம் −3/2 அடுக்கில் தேயும். ஆகவே இங்கே அல்பா 0.5 என்பது வரைபைப் பார்த்துப் பொருத்திய எண் அல்ல, கல்லின் இயல்பிலிருந்தே வருவது.

வழக்கமாக நடக்கும் பிழை இது. பரவல் உறுப்பின் மேல் (1−அல்பா) வரிசைப் பின்ன வகையீட்டை (முழு எண் அல்லாத வரிசையில் எடுக்கும் நேர வகையீட்டை) வைத்துவிட்டு, பக்கத்தில் 'கழித்தல் வீத மாறிலி பெருக்கல் செறிவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வகையீடு பழைய செறிவுகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அவற்றில் எத்தனை அயன் இடையில் தாக்கமுற்று அழிந்தன என்பது அதற்குத் தெரியாது. இல்லாத அயன்களையும் அது வெளியே அனுப்ப, சில புள்ளிகளில் செறிவு மறைப் பெறுமானம் ஆகிவிடும். இதை 2006இல் ஹென்றி, லாங்லண்ட்ஸ், வேர்ன் குழுவும் சொக்கொலோவ், சிமித், சாகேஸ் குழுவும் தனித்தனியே விளக்கினார்கள். இதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு: மூடிய தொகுதியில் மொத்தத் திணிவு இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மாதிரித்தான் குறையும். திணிவுச் சமநிலையை மட்டும் பார்த்தால் பிழை பிடிபடாது. மிகக் குறைந்த செறிவையும் ஒவ்வொரு படியிலும் பாருங்கள்.

திருத்தம் எளிது. கிரன்வால்ட்–லெற்னிக்கோவ் நிறைகளை, அதாவது பின்ன வகையீட்டைக் கூட்டலாக எழுதும்போது ஒவ்வொரு பழைய நேரத்துக்கும் கொடுக்கும் எடைகளை, வழமைபோலக் கட்டுங்கள்: முதலாவது (வரிசை எண் 0) 1, அடுத்தது ஒவ்வொன்றும் முந்தியதை (1 − (2−அல்பா)/வரிசை எண்) ஆல் பெருக்கியது. அல்பா 0.5 என்றால் 1, −0.5, −0.125, −0.0625 என்று போகும். பிறகு ஒவ்வொரு நிறையையும், அந்தப் பழைய நேரத்திலிருந்து இன்றுவரை தாக்கமுறாமல் தப்பியிருக்கும் பங்கால், அதாவது e^(−வீத மாறிலி × கழிந்த நேரம்) ஆல், பெருக்குங்கள். 'கழித்தல்' உறுப்பு அப்படியே இருக்கட்டும். வீதம் செறிவில் தங்கினால், தப்பிய பங்கை ஒவ்வொரு கணுவிலும் படிப்படியாகப் பெருக்கிச் சேமிக்க வேண்டும்; நினைவகம் தின்னும், வேறு வழி இல்லை. மாறா வீதத்துக்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. விடை, தாக்கமில்லாத விடையைத் தப்பிய பங்கால் பெருக்கியதாகவே வரவேண்டும்.

அடுத்த நேரத்தின் செறிவைப் பழைய செறிவுகளிலிருந்தே கணிக்கும் நேரடி முறையில் நேரப்படியைக் கவனியுங்கள். பரவல் குணகத்தை நேரப்படியின் அல்பா அடுக்கால் பெருக்கி, இடப்படியின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 2இன் (அல்பா−2) அடுக்கைத் தாண்டக் கூடாது. அல்பா 0.5க்கு 0.354. இடப்படியைப் பாதியாக்கினால் நேரப்படி 16இல் ஒன்றாக வேண்டும். சாதாரணப் பரவலில் 4இல் ஒன்று போதும். கணிப்பு வலையை நெருக்க நினைப்பவர்கள், புதிய செறிவுகளை ஒன்றாகத் தீர்க்கும் மறைமுக முறைக்கு மாறுவதே புத்தி.

அலகிலும் ஒரு பொறி. குணகத்தின் அலகு சதுர மீற்றர்/நாள்^அல்பா. நாளைச் செக்கனாக்க 86,400ஆல் அல்ல, அதன் அல்பா அடுக்கால் வகுக்க வேண்டும், 0.5க்கு ஏறக்குறைய 294.

உறுதி நிலையில் நைத்திரேற்று கல்லுக்குள் எட்டும் ஆழம், குணகத்தை வீத மாறிலியின் அல்பா அடுக்கால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். வீதம் 16 மடங்கானால் சாதாரணப் பரவலில் ஆழம் கால்வாசியாகும், அல்பா 0.5இல் பாதிதான் ஆகும். இவையெல்லாம் காத்திருக்கும்போதும் தாக்கம் நடக்கிறது என்ற எடுகோளில். பற்றீரியா வெடிப்பின் சுவரில் மட்டும் இருந்து நுண்துளைக்குள் போகாவிட்டால் சமன்பாடே வேறு. தாக்க உறுப்பின் மேலும் பின்ன வகையீடு வரும்.

அல்பாவை அளக்க, கல்லை நொறுக்கி நிரலில் நிரப்பாதீர்கள். 1 மி.மீ. மணியில், பரவல் குணகம் செக்கனுக்கு 10^−10 சதுர மீற்றர் என்று கொண்டால், அயன் 2,500 செக்கனில், முக்கால் மணிக்கும் குறைவாக, உள்ளே போய் நிறைந்துவிடும்; அதற்குப் பிறகு வருவது சாதாரணப் பரவல்தான். நொறுக்காமல் துளைத்தெடுத்த முழுக் கல் உள்ளகம் வேண்டும். நீரோடு அனுப்பிப் பின்தொடரும் சுவடியாகக் குளோரைட்டு வேண்டாம், கரையோரக் கிணற்று நீரில் அது ஏற்கெனவே நிறைய இருக்கும்; புரோமைட்டு பரவாயில்லை. துடிப்பாகச் செலுத்தி, வெளிவரும் செறிவை மடக்கை–மடக்கைத் தாளில் வரைந்தால் வால் −(1+அல்பா) படித்திறனில் இறங்கும். நேரத்தில் குறைந்தது 100 மடங்கு நீளத்துக்கு நேர்கோடு தெரியாவிட்டால் அந்த எண்ணை நம்பக் கூடாது.

முழுக் கல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. வெடிப்பிலிருந்து 5 செ.மீ. தடிப்புள்ள பாளம் அதே குணகத்தில் நிறைய ஏறக்குறைய 290 நாள் ஆகும். அதைத் தாண்டிய கணிப்புக்குப் பின்ன வகையீட்டை நீட்டாமல், காத்திருப்புப் பரம்பலை அந்த நேரத்தில் அடுக்குக்குறியாக (e^(−நேரம்/290 நாள்) போல வேகமாகத் தேயும்படி) வெட்டிவிடுங்கள்.