படிவத்தில் 'அலாமாட்' என்று ஒரு வரி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் வீடில்லாதவர்களைத் தேடிப் போனால் கடைத்தெரு அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) யாரும் படுத்திருக்க மாட்டார்கள். கோலாலம்பூரில் ராத்திரி சோற்றுப் பொட்டலம் கொடுக்க வரும் வண்டிக்கு இங்கே வேலை இல்லை. இங்கே வீட்டை இழந்தவர் தங்கை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருப்பார். இல்லையென்றால் மூடிக்கிடக்கும் ஆயாக்கொட்டகையிலோ (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்), கோயில் மண்டபத்தின் பின்கட்டிலோ, செம்பனை (எண்ணெய்ப்பனை) விளிம்பில் தகரம் அடித்த குடிசையிலோ இருப்பார். கேட்டால் "வீடு இருக்கு தம்பி" என்பார். ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அதில் உள்ள தோட்டத்தின் பெயரே இப்போது ஊர் வரைபடத்தில் கிடையாது. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நின்ற இடத்தில் தாமான் (புதுக் குடியிருப்பு) எழும்பிவிட்டது.

அதனால் ஐசி, குடியுரிமை போன்றவற்றுக்கு மனு எழுதித் தரும் மேசைக்கு வருபவரிடம் "வீடு இருக்கா" என்று கேட்டுப் பயனில்லை. "கடிதம் போட்டா எங்கம்மா வரும்?" என்று கேட்க வேண்டும். படிவத்தில் 'அலாமாட்' (முகவரி) என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டால், அவருக்கு வீடில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தோட்ட வீடு என்றைக்குமே வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வேலைக்காரருக்கு வீடு, வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோதே இந்தப் பயம் வந்துவிட்டது. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டம் வாங்கியது அதனால்தான். அதற்குப் பிறகும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பட்டணத்தை ஒட்டிய நிலம் வீடமைப்புக்குப் போனது.

தோட்டம் மூடி ஆளை நிறுத்தினால் நஷ்ட ஈடு உண்டு. 1980-ஆம் ஆண்டு விதிப்படி, 2 வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடம் வரை 15 நாள், 5 வருடத்துக்கு மேல் 20 நாள். 25 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவருக்கு 500 நாள் சம்பளம். ஆனால் அந்தக் கணக்கில் வீட்டுக்கென்று ஒரு காசும் கிடையாது. 60 வயதில் ஓய்வு பெற்று வெளியேறுபவருக்கு அந்தத் தொகையும் இல்லை. நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தோட்டம் கைமாறப் போகிறது என்று மண்டோர் (மேஸ்திரி) வாயிலிருந்து செய்தி வந்த வாரமே சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, தண்ணீர் மின்சார பில், தோட்ட ஆபீஸ் முத்திரை போட்ட எந்தத் தாளானாலும் நகல் எடுத்துவிட வேண்டும். ஆபீஸ் மூடிய பிறகு கிராணியை (தோட்ட எழுத்தரை) தேடி எந்த ஊருக்குப் போவது?

முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் ஐசியில் மாற்றச் சொல்கிறது விதி. புதிய முகவரிக்கு பில் கேட்பார்கள். தங்கை வீட்டு பில்லில் தங்கை புருஷன் பெயர் இருக்கும். அவர் ஐசி நகலும் சம்மதமும் வேண்டும். அவர் தயங்குவார், பேர் போட்டால் வந்தவர் நாளைக்கு வீட்டில் பாகம் கேட்பாரோ என்று. படிவம் பூர்த்தி செய்பவர் இந்தச் சண்டையிலும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஐசியில் முகவரி மாறியதால் மட்டும் வீட்டில் பங்கு வந்துவிடாது என்று ஒரு தடவை பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஐசியே இல்லாதவர், சிவப்பு ஐசியிலேயே (நிரந்தரவாசி அட்டை) நின்றுவிட்டவர் கதை வேறு. எதுவும் எழுதுவதற்கு முன்பு பிறந்த தேதியைக் கேட்க வேண்டும். 1957 ஆகஸ்டு 31-லிருந்து 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அவர் காட்ட வேண்டியவை பிறந்த இடமும் நாளும் மட்டும். அதற்குப் பிறகு பிறந்தவர் பெற்றோரின் நிலையையும் காட்ட வேண்டும். மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன்பு பிறந்தவருக்கு அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு இருக்கிறது: கடந்த 7 வருடத்தில் 5 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், மலாய் 'அடிப்படை' அளவில் தெரிய வேண்டும். வெளியிலிருந்து வந்து குடியுரிமை கேட்பவருக்கான 19-ஆவது பிரிவோ 12 வருடத்தில் 10 வருட வசிப்பும் 'போதிய' மலாயும் கேட்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே பெரிய பள்ளம். 1959-இல் லயத்தில் பிறந்த பாட்டியை யாரோ ஏஜெண்ட் 19-ஆவது பிரிவில் மனுப்போட வைத்து, வருடக் கணக்கில் காக்க வைப்பதுதான் இந்த வேலையில் எரிச்சலூட்டும் விஷயம். பாட்டி பாசார் மலாய் (சந்தைப் பேச்சு மலாய்) சரளமாகப் பேசுவார். 'பிலா லாஹிர்' (எப்போ பிறந்தீங்க) என்றால் பதில் வரும். 'தாரிக் லாஹிர்' (பிறந்த தேதி) என்று அதிகாரி கேட்டால் திருதிருவென விழிப்பார். நேர்காணலுக்கு முன்பு பேர், பிறந்த தேதி, பிறந்த இடம், முகவரி ஆகியவற்றுக்குப் படிவத்து மலாய்ச் சொல்லை ஒரு வாரம் பழக்கிவிட்டால் போதும்.

பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்குக் கோப்பு கட்டும் முறை இது. ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ பிரசவப் பதிவு, தாயின் கர்ப்பகாலப் புத்தகம், குழந்தைக்கு ஊசி போட்ட அட்டை, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பெற்றோர் ஐசி, திருமணப் பத்திரம், கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம், பிரசவம் பார்த்த மருத்துவச்சியோ அண்டை வீட்டாரோ கொடுக்கும் சத்தியப் பிரமாணம். இவற்றில் மிகவும் பலமானது பள்ளிப் பதிவேடு, ஏனென்றால் அது பிரச்சினை வருவதற்கு வெகு காலம் முன்பே எழுதப்பட்டது. போன வாரம் எழுதி வாங்கிய பிரமாணத்துக்கு அந்தக் கனம் கிடையாது. தாள்களை வருட வரிசையில் அடுக்கி, முகப்பில் ஒரு பக்கத்தில் பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பேர் எழுத்து எழுத்தாக எப்படி இருக்கிறது என்பதைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். மாரியாயி பள்ளியில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி, ஊசி அட்டையில் மூன்றாவது மாதிரி மலாய் எழுத்துக்கூட்டலில் இருப்பாள். மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு பிரமாணம் முன்கூட்டியே போட்டு வைத்தால் ஒரு நடை மிச்சம்.

கோப்பு உடையும் இடங்களும் தெரிந்தவைதான். கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் 1-லிருந்து முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான் கணக்கு. தகப்பன் நீல ஐசி (குடிமகன் அட்டை) வைத்திருந்தும், தாய் இந்தோனேசியப் பெண்ணாகவோ ஐசி இல்லாதவளாகவோ இருந்தால் பிள்ளையின் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா' (குடிமகன் அல்ல) என்று விழும். பிறகு போய்த் திருமணத்தைப் பதிவு செய்தாலும் அந்த வார்த்தை தானாக அழியாது. வயது வரம்பு தாண்டுவதற்குள், பிள்ளைகளைக் குடிமகனாகப் பதிவு செய்ய வழிவிடும் அரசியலமைப்பின் 15A பிரிவில் மனுப்போட வேண்டியதுதான். இதைவிட மோசம் இன்னொன்று. ஐசி இல்லாத பெண் அக்கா ஐசியைக் காட்டிப் பிரசவத்துக்குப் படுத்திருப்பாள், செலவுக்குப் பயந்து. பத்திரத்தில் பெரியம்மாவே தாய் ஆகிவிடுவாள். அதைத் திருத்த மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருக்கும். அந்தப் பயமும் வெறும் பயம் இல்லை. அரசு மருத்துவமனை வெளிநோயாளி பிரிவில் குடிமகனுக்கு 1 வெள்ளி, வெளிநாட்டவருக்கு 40.

பாட்டி காலி செய்துவிட்டுப் போன அதே லயத்தில் இன்றைக்கு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446-ஆவது சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அவர்கள் படுக்கைக்கு அளவு இருக்கிறது: கூட்டுத் தங்குமிடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, 35 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் குறையாத பூட்டுப்போட்ட அலமாரி, 15 பேருக்கு ஒரு கழிவறை. அறையில் போய் அளவு நாடா பிடித்தால் மெத்தை பெரும்பாலும் சரியாக இருக்கும். தட்டுப்படாதது அலமாரிதான். அற்ப விஷயம் மாதிரித் தெரியும். பூட்டு இல்லாத இடத்தில் பாஸ்போர்ட்டை வைக்க முடியாது. "ஆபீஸ்ல பத்திரமா இருக்கு" என்று முதலாளி அதை எடுத்து வைத்துக்கொள்ள அதுவே சாக்காகிறது. ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு.

அவர்களுக்கும் வீடு வேலையோடு ஒட்டியதுதான், கூடவே பெர்மிட்டும் (வேலை அனுமதி) ஒட்டியிருக்கிறது. சம்பளம் கொடுக்கவில்லை என்று தொழிலாளர் இலாகாவில் புகார் செய்தால் ஒரே நாளில் படுக்கை, வேலை, பெர்மிட் மூன்றும் ஆட்டம் காணும். வழக்கு முடியும் வரை தங்க 'பாஸ் காஸ்' (குடிநுழைவுத் துறையின் சிறப்பு அனுமதி) எடுக்கலாம். 30 நாளுக்கு 100 வெள்ளி, அதை வைத்து வேலை செய்ய முடியாது. வேலை இல்லாமல் மாதா மாதம் 100 வெள்ளியும் சோறும் கூரையும் எங்கிருந்து வரும்? தாமானில் வீட்டுக்காரர் தரமாட்டார். சரியான பத்திரம் இல்லாதவரைத் தங்க வைத்தால் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதனால் புகாருக்கு முன்பே தங்குமிடம் பார்த்து வைக்க வேண்டும். புகாரைக் கொண்டுபோய்க் கொடுப்பது அப்புறம். இந்த வரிசை மாறினால் ஆள் காட்டுக்குள் ஓடுவார், 'ஓடிப்போனவர்' என்று முதலாளி எழுதிக் கொடுப்பார், வழக்கு அதோடு செத்துப்போகும்.

சமூகநல இலாகாவின் முதியோர் இல்லம், ஆதரவற்றோருக்கான 1977 சட்டம், 124 வெள்ளி வாடகை மக்கள் வீடு எல்லாம் இருக்கின்றன. வாடகை வீட்டுக்கு நீல ஐசி வேண்டும், இல்லத்துக்குப் போகிறவர் ஊரை விட்டே போக வேண்டும். பேரப்பிள்ளை வந்து பார்க்க முடியாத தூரத்துக்கு எந்தப் பாட்டியும் சம்மதிப்பதில்லை.

இணைந்து வாழ்வது பற்றிக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள். தோட்டத்தில் அது பிரட்டுக் களத்தில் (காலையில் பேர் கூப்பிடும் இடம்) எப்போதோ தொடங்கிவிட்டது. நேப்பாளிப் பையன் மண்டோரை "அண்ணே" என்கிறான். தீமிதி அன்று விறகு தூக்குகிறான். சாயங்காலம் அதே மண்டோர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "வந்தவனுங்க நம்ம வேலையைப் பிடிச்சிட்டானுங்க" என்பார். அவர் தாத்தாவைக் கங்காணி கூட்டி வந்தபோது அதே பேச்சு மலாய் மொழியில் இருந்திருக்கும்.

இனி 'அலாமாட்' வரி. அதைக் காலியாக விட்டு அனுப்பிய மனு திரும்பி வரும். மூடிய தோட்டத்தின் முகவரியைப் போட்டால் நேர்காணல் கடிதம் யார் கையிலும் கிடைக்காது, வரவில்லை என்று மனு தள்ளுபடியாகும். ஆகவே கோயில் நிர்வாகத்திடமோ மளிகைக் கடைக்காரரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கி, அவர் முகவரியை 'மேற்பார்வை' (c/o) என்று போட வேண்டும். தபால் வந்த தேதியை எழுத ஒரு நோட்டு, வாங்கியவர் கையெழுத்து, இரண்டு கைப்பேசி எண்கள். அதில் ஒன்று அடிக்கடி சிம் மாற்றாத ஒரு பெண்பிள்ளையுடையதாக இருக்கட்டும். கடிதம் வந்த அன்றே அவளுக்குப் படம் பிடித்து அனுப்பிவிட வேண்டும், உறையின் மேல் உள்ள அஞ்சல் முத்திரையும் தெரியும்படி.