கரனோடையில் படுத்த ஜிப்ஸி

இரண்டு தடவை சோப்பு போட்டும் கையில் கிரீஸ் போகவில்லை. போகட்டும், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழவேற்காடு ஏரிக்குப் போகும் வழி, செலவு, எங்கே வண்டி நிறுத்தலாம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். பார்ப்போம்.

என் மாமா (அம்மாவின் தம்பி) அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது பெரம்பூருக்கே திரும்பிவிட்டார். அங்கே மோட்டார்ஹோம் வைத்திருந்தவர். கை சும்மா இருக்குமா? பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேரவனாக்கிவிட்டார். நம்மூரில் கேரவன் என்றாலே சினிமாக்காரர்கள்தான். மூலக்கடையில் டீக்கு நிறுத்தினால் நாலு பையன்கள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு "உள்ள யாருண்ணா, ஹீரோவா?" என்கிறார்கள். உள்ளே லுங்கியோடு என் மாமா.

இந்த வண்டியால் ஒரு தொல்லை. போன இடத்தில் சந்துக்குள் நுழையாது, பால் பாக்கெட் வாங்கக்கூட அந்த வீட்டையே கிளப்ப வேண்டும். அமெரிக்காவில் இதற்காகவே மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு சின்ன காரைக் கட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவார்களாம். அந்தக் காருக்கு 'டோட்' என்று செல்லப்பெயர். இழுக்கப்படுவதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு. மாமாவின் தேரை ஒரு பழைய மாருதி ஜிப்ஸி. எல்லா காரையும் இப்படி இழுக்க முடியாது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றும். அணைத்துவிட்டு இழுத்தால் கியர்பாக்ஸ் காலி. ஜிப்ஸியில் டிரான்ஸ்பர் கேஸையே (கியர்பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில் போட்டுவிடலாம், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும்.

ஆனால் இங்கே ஓடுகிற வண்டியைக் கட்டி இழுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1989 சாலை விதிகளை மாமா திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார்: இழுப்பதென்றால் பழுதான வண்டி, இல்லாவிட்டால் பதிவு செய்த டிரெய்லர், வேகம் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. 2017-ல் புது விதிகள் வந்துவிட்டன, அவர் இன்னும் பழைய பாடத்தில்தான் இருக்கிறார். ஆக, கப்பலில் கொண்டுவந்த இழுவைக் கம்பி இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது. ஜிப்ஸியைப் பின்னாலேயே ஓட்டி வரும் வேலை எனக்கு. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். பெட்ரோல் நூறு ரூபாய். யார் காசு என்று கேட்காதீர்கள்.

கூட வந்தது காசிமேட்டு அண்ணன். அவரிடமும் ஒரு வீட்டு வண்டி உண்டு. பழைய ஸ்கூல் வேன், பாதியில் கட்டில், மீதியில் புறாக் கூடைகள். ஹோமர் புறா (எங்கே திறந்துவிட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் வகை) வளர்ப்பவர். பந்தயத்துக்குப் பழக்க சூலூர்ப்பேட்டை, நெல்லூர் என்று பறவைகளைக் கொண்டுபோய்த் திறந்துவிட்டு வர வேண்டும். ராத்திரி தங்க லாட்ஜுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வேனையே வீடாக்கிக்கொண்டார். மாமாவோ அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர். விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர். வருஷா வருஷம் ஜூலையில் அங்கே விமானப் பைத்தியங்களின் திருவிழா. கூடாரமும் மோட்டார்ஹோமுமாக ஒரு வாரம் ஊரே நிரம்பிவிடும் என்பார். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள என்ன இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாயே மூடவில்லை.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். செங்குன்றத்தில் ஏரிக்கரையை ஒட்டி நிறுத்தச் சொன்னார் மாமா. இருட்டில் என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் இந்த ஏரியில்தான் இறங்கி ஏறின. தண்ணீரில் இறங்கும் படகு விமானம். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 104 அடி. வங்கக் கடலுக்கு மேல் மணிக்கணக்காகச் சுற்ற வேண்டும் என்பதால் உள்ளே படுக்கையும் சமைக்க அடுப்பும் உண்டு. "மாப்ள, இந்த ஏரிக்கு வந்த மொத கேரவன் அதுதான்டா" என்றார். போருக்கு அப்புறம் அமெரிக்காவில் சில பணக்காரர்கள் கேட்டலினாவை வாங்கி நிஜமாகவே பறக்கும் வீடாக மாற்றிக்கொண்டார்களாம். நான் தினமும் குடித்து வளர்ந்த தண்ணீரின் கதை இது. எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குமேல் அவரை நிறுத்த முடியவில்லை. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் 1927-ல் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டும்போது மேற்பார்வை பார்த்தவர் ஹாலி பௌலஸ். அவரே 1934-ல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, காருக்குப் பின்னால் இழுக்கும் வீட்டைச் செய்தார். 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி கொண்டுவந்த 'கிளிப்பர்' என்ற இழுவை வீட்டுக்கும் பேர் வந்தது பான் ஆம் விமானக் கம்பெனியின் 'கிளிப்பர்' படகு விமானங்களிலிருந்து. நம்ம ஊர் மட்டும் இளப்பமா? 1910-ல் ஹோட்டல் முதலாளி டி ஏஞ்சலிஸ் மதராசில் பறந்த விமானத்தைக் கட்டிக்கொடுத்தது கோச் வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி. வண்டி கட்டுகிறவன் புத்தி கடைசியில் மேலேதான் போகும் என்றார் அண்ணன். சோழவரம் வந்தது. போர்க்கால விமான ஓடுதளம். பின்னாளில் அதிலேயே கார் ரேஸ் நடந்தது. சின்ன வயதில் பஸ் பிடித்து வந்து பார்த்த ரேஸை மாமா வாயாலேயே சத்தம் போட்டு ஓட்டிக் காட்டினார்.

பழவேற்காட்டில் 6:40-க்குக் கூடையைத் திறந்தார் அண்ணன். திறப்பதற்கு முன் ஒவ்வொரு பறவையின் இறக்கையையும் விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார். பன்னிரண்டும் தலைக்கு மேலே ஒரு சுற்று, ரெண்டு சுற்று, அப்புறம் தெற்கே ஒரே கோடு. 7:15-க்கு காசிமேட்டிலிருந்து அவர் பையன் போன்: எட்டு வந்துவிட்டது. "இன்னா சார், அதுங்களுக்கு டோல்கேட்டும் இல்ல, டீசலும் இல்ல" என்றார் அண்ணன், என் பெட்ரோல் வயிற்றெரிச்சல் தெரியாமல்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முந்தின ராத்திரி அண்ணி வைத்துக் கொடுத்த சங்கரா மீன் குழம்பு. மறுநாள் மீன் குழம்புக்கு ஈடே இல்லை. புளியும் காரமும் உள்ளே இறங்கி, மேலே எண்ணெய் சிவப்பாக நின்றது. கேரவன் அடுப்பில் இட்லி வேகவைத்து, கதவைத் திறந்து போட்டு, ஏரிக்காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பதினோரு இட்லி. நான் மட்டும். டச்சுக் கல்லறை, படகுச் சவாரி பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

திரும்பும்போது கரனோடை தாண்டியதும் ஜிப்ஸி படுத்துவிட்டது. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் போய்விட்டது. மாதவரத்தில் மாமாவின் மெக்கானிக் ஷெட் வரை கொண்டுபோக ஒரு ரிக்கவரி வண்டிக்காரரைக் கேட்டோம். இருபது கிலோமீட்டருக்குள்தான். 5,500 என்றார். ஞாயிற்றுக்கிழமை ரேட்டாம். பேரம் பேசினால் "அப்ப தள்ளிக்கினு போங்க" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பகல் கொள்ளை. இதற்கு நல்ல வார்த்தை கிடையாது.

மாமா முகத்தைப் பார்த்தேன். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக் கொடுத்த குழந்தை மாதிரி இருந்தது. "இப்ப இது பழுதான வண்டிதானே?" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பி வெளியே வந்தது. ஆங்கில 'A' எழுத்து மாதிரி இரண்டு கை. அகலமான முனை ஜிப்ஸியின் சேசிஸில் (வெல்டிங் பட்டறையில் எப்போதோ கொக்கி வைத்திருக்கிறார்), கூர் முனை கேரவனின் பின்னால் உள்ள இரும்புக் குண்டில். அடியில் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. கம்பி கழன்றால் தார் ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். லேமினேட் செய்த அட்டையை எடுத்து, விமானம் கிளப்புவது போல ஒவ்வொன்றாக வாசித்தார். கம்பியைப் பூட்டும் ஊசி? செக். சங்கிலி? செக். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரல்? செக். ஸ்டியரிங் லாக் விட்டதா? செக். நெடுஞ்சாலையில் லாரிகள் காதைக் கிழிக்க, நான் செக் செக் என்று கத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் புறாக் கூடையின் அட்டையைக் கிழித்து 'இழுவையில்' என்று மார்க்கரில் எழுதி ஜிப்ஸியின் பின்னால் கட்டினார்.

இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பதும் விதி. வேறு யார்? இன்ஜின் இல்லாமல் பிரேக் பெடல் கல்லாக இருந்தது. 24 கிலோமீட்டர் வேகத்தில் சோழவரம், செங்குன்றம், புழல். சைக்கிள் தாத்தா ஒருவர் ஓவர்டேக் செய்தார்.

மாதவரம் ரவுண்டானாவுக்கு முன்னால் மாமா தப்பான சர்வீஸ் ரோட்டில் இறங்கினார். எதிரே குறுக்கே ஒரு லாரி. ரிவர்ஸ் எடுக்கலாமே என்றேன். கூடாதாம், பின்னோக்கித் தள்ளினால் இழுபடும் காரின் முன் சக்கரம் ஒரு பக்கமாக முழுசாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும், கம்பி வளைந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றி, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான ஜிப்ஸியை நானும் அண்ணனும் கையால் தள்ளி, மறுபடி மாட்டி, மறுபடி அந்த அட்டை. ஊசி? செக். கிரீஸ் வந்த இடம் இதுதான்.

ராத்திரி மாமா போன் செய்தார். பம்ப் வாங்க நாளைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போக வேண்டுமாம், நானும் வர வேண்டுமாம். மீதி நாலு புறாவும் மதியத்துக்குள் வந்துவிட்டதாம். பெட்ரோல் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.