அத்தை புடவையின் ஜரிகையும் ஒரு லேன் வயரும்

தாத்தா வீடு கட்டிய காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால், காவேரிப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் சுவர்கள் ஒன்றரை அடி கனத்தில் கருங்கல்லாலேயே எழும்பின. கோடையில் அவை தரும் குளுமையைப் புகழாத உறவினர் இல்லை; அக்கா மகளின் கல்யாண வீடியோவைக் கூடத்து டிவியில் போட்டுக் காட்டும் நாள் வரை நானும் புகழ்ந்துகொண்டுதான் இருந்தேன்.

வீடியோக்காரர் தந்தது 1080பி தரத்தில், வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவான இரண்டரை மணி நேரப் படம். 50 ஜிபியைத் தாண்டிய அந்தக் கோப்பு வீட்டிலிருந்த எந்தப் பென் டிரைவிலும் அடங்காததால், மாடியறைக் கணினியில் ஜெல்லிஃபின் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, வைஃபை வழியாகக் கீழே அனுப்ப ஏற்பாடு செய்தேன். ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்திருந்த சொந்தங்கள், பெங்களூரா மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு அமர்ந்தார்கள்.

நிச்சய தாம்பூலம் ஒழுங்காக ஓடியது. முதல் நாள் இரவுப் பந்தியில் படம் நின்றுவிட்டது. லட்டைப் பிடித்த கையும் திறந்த வாயுமாக ஓசூர் மாமா திரையில் உறைந்திருக்க, அவருடைய நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம் சுழன்றது. "மாப்ள, அந்த லட்டை நான் அன்னைக்கே சாப்பிட்டுட்டேன்" என்று சோபாவிலிருந்து அவரே வாக்குமூலம் கொடுத்தார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எங்கள் டிவி 72 மெகாபிட் என்று பெருமையாகக் காட்டும்; நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி, கருங்கல்லைக் கடந்து வந்ததோ அதிலும் சொச்சம். வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், சுவரை ஊடுருவும் ஆற்றல் அதற்கு இன்னும் குறைவு என்பதால், டிவி ரவுட்டரையே கண்டதில்லை என்று சாதித்தது.

கணினியே படத்தை 4 மெகாபிட்டாகச் சுருக்கி அனுப்பும்படி அமைத்துப் பார்த்தேன். அந்தப் பழைய கணினிக்கு அது பெரும் பாரம். மாடியில் யார் இந்நேரத்தில் மாவு அரைக்கிறார்கள் என்று பெரியம்மா கேட்கும் அளவுக்கு அதன் விசிறி இரைந்தது. படம் ஓரளவு நகர்ந்தது, ஆனால் அத்தையின் பட்டுப்புடவையில் கரை எது, முந்தானை எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே சிவப்பாகப் பரவிக்கிடந்தது. "இருபதாயிரம் குடுத்து எடுத்த புடவைப்பா, ஜரிகை தெரியலைன்னா அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய டிவி?" என்றார் அத்தை. தொழில்நுட்பம் எதுவும் அறியாமல் உயர்தர வீடியோவுக்கு இத்தனை துல்லியமான இலக்கணம் வகுத்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"கரண்டுக்கு வயர் இழுக்கல? அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு இழுத்துடு" என்று லட்டு மாமாதான் வழி சொன்னார். கிருஷ்ணகிரிக்கு ஆளனுப்பி வாங்கி வந்த கேட் 5இ என்னும் லேன் வயர், மாடி ஜன்னல் வழியே இறங்கி, துணி காயும் கொடியைத் தொட்டு, கூடத்து ஜன்னலுக்குள் நுழைந்தது. டிவியின் லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது என்றாலும், எங்களுக்கு வேண்டியது 50தானே. படம் தண்ணீராய் ஓடியது. ஜரிகையில் இழை இழையாக அன்னம் தெரிந்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்றார் அத்தை. அந்த அன்னத்தை எல்லோரும் நன்றாகப் பார்க்க வேண்டுமாம். பிறகு யாருடைய காசுமாலை என்று பார்க்கப் பெரியம்மா நிறுத்தச் சொன்னார். மொய் எழுதும் மேசையில் எத்தனை ரூபாய்த் தாள் நீட்டப்பட்டது என்று பார்க்க மாமா நிறுத்தச் சொன்னார். இரவு பதினொரு மணி ஆகியும் மாப்பிள்ளை தாலி கட்டியபாடில்லை.